ஆள் விடாத ஜவாத்

கல்முனை பிரதான வீதியில் ஒரு புடவைக் கடைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவில் மாடிப்படி ஏறினால் ஜவாத் ஸ்டூடியோ வரும். போர்டில் பெயருக்குக் கீழே இப்படி எழுதியிருக்கும்: ‘அசையாத படம். விடுபடாத ஆள்.’ அந்தப் போர்டை மாட்டிய அன்று வலது பக்கம் ஒரு நூல் சரிந்திருக்கிறது என்று சொல்லி ஜவாத் ஐந்து தரம் ஏணியில் ஏறி இறங்கினார். கீழே நின்று பார்த்தவர்களுக்கு ஐந்து தரமும் அது ஒரே மாதிரித்தான் தெரிந்தது.

அவருடைய வாப்பா மேசன். வாப்பா மௌத்தான பிறகு வளவு தம்பிமாருக்குப் போனது, மேசன்மார் சுவர் மட்டம் பார்க்கும் லெவல் கட்டை ஜவாத்துக்கு வந்தது. நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு நீர்க்குமிழியும் உள்ள கட்டை. அதை அவர் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து, படம் எடுக்க வருகிறவர்களின் தோளில் வைக்கத் தொடங்கினார். குமிழி நடுவுக்கு வரும்வரை கமராவைத் தொடமாட்டார். மீன்பெட்டி சுமந்து ஒரு தோள் இறங்கிப்போனவர்களுக்கு சேட்டுக்குள் பழைய பேப்பரை மடித்து வைத்து உயர்த்துவார். நாடியைத் தூக்குங்க, கொஞ்சம் பதியுங்க, மூச்சு விடாதீங்க என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்தவருடைய முகத்தில் உயிர் என்று ஒன்று மிச்சமிருக்காது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜவாத் எடுத்த அடையாள அட்டைப் படம் ஒன்றுகூட இந்த முப்பது வருடத்தில் பிழையென்று திரும்பி வந்ததில்லை. இரண்டு காதும் தெரியும், இரண்டு தோளும் மட்டமாயிருக்கும், கண் மயிர்கூட எண்ணலாம். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் சந்தோசப்பட்டதும் இல்லை. ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன். ஒரு பஸ் சாரதி தன் படத்தைப் பார்த்துவிட்டு, “காக்கா, இவனப் பொலிஸ் புடிச்சிட்டா?” என்று கேட்டார்.

கலியாண வீட்டுக்குப் போனால் ஜவாத்தின் வேலை இன்னும் கடுமை. நமது பக்கத்தில் கலியாண அல்பம் வந்தால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கிறவர்கள் குறைவு. எல்லாரும் தன்னைத்தான் தேடுவார்கள். தான் இல்லையென்றால் அடுத்த பெருநாளுக்கு அந்த வீட்டுப்படி மிதிக்கமாட்டார்கள். ஜவாத்தின் அல்பத்தில் அப்படி ஒரு சண்டை வந்ததே இல்லை. கமராவுக்குப் பின்னால் நின்று வாய்க்குள் எண்ணுவார். எண்ணிக்கை வராவிட்டால் பின்னுக்குப் போவார். அப்படிப் பின்னுக்குப் போய் வாழை மரத்தில் முட்டியிருக்கிறார், ஒருமுறை சமையல்காரரின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இந்த எண்ணிக்கைப் பழக்கம் சும்மா வந்ததல்ல. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு தாய் மாடிப்படியேறி வந்தார். வீடு போய்விட்டது, மகன் போய்விட்டான், மகனுடைய படம் ஒன்றுகூட இல்லை. இன்ன கலியாணத்தில் மகன் நின்றான், நீங்கள்தான் எடுத்தீர்கள் என்றார். ஜவாத் பழைய நெகடிவ் எல்லாவற்றையும் கொட்டித் தேடினார். அந்தக் கூட்டப் படம் கிடைத்தது. ஓரத்தில் ஒரு சிறு கையும் சேட்டின் பாதியும் இருந்தன. முகம் இல்லை. ஒரு எட்டுப் பின்னால் போயிருந்தால் முகம் வந்திருக்கும். தாய் அந்தக் கையை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு ஜவாத் கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து அழுதார். அதற்குப் பிறகு அவர் ஒரு ஆளையும் விட்டதில்லை.

சரி, இப்போது ஷிப்லிக்கு வருவோம்.

மருதமுனை ஷிப்லிக்கு வயது இருபத்தாறு. வெயிலோ மழையோ, கையில்லாத ஒரு சிவப்பு ஜக்கட் போட்டிருப்பான். அதில் பதினாறு பொக்கட். மாப்பிள்ளையை எடுக்கச் சொன்னால் மாப்பிள்ளையின் மணிக்கூட்டை எடுப்பான். மணிக்கூட்டைக் கேட்டால் அதன் நிழலைத் தருவான். ஊர் இளசுகளுக்கு அவன்தான் வேண்டும். அவன் மேல் ஜவாத்துக்குக் கோபம் ஒன்றும் இருக்கவில்லை, ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை. யாரோ இரண்டு பேரையும் சேர்த்து “நம்மட ரெண்டு கலைஞர்மாரும் இரிக்காங்க” என்று சொல்ல, ஷிப்லி மரியாதையாகத்தான் திருத்தினான்.

“காக்கா டெக்னீசியன். அவர மாதிரி நேரா எடுக்க எனக்கு ஏலா. கலை எண்டுறது வேற. கோவிச்சிக்கப்படாது காக்கா.”

ஜவாத்தின் தேத்தண்ணி ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து மனைவி நிஹாறாவிடம் கேட்டார்.

“நிஹாறா, நான் டெக்னீசியனா?”

“கிணத்து மோட்டர் ரெண்டு நாளா ஓடல்ல. டெக்னீசியன் எண்டா அதப் பாருங்களன்” என்றார் நிஹாறா.

அன்று முதல் ஜவாத்துக்கு ஒரே ஆசை. மௌத்தாகிறதுக்கு முதல் ஒரே ஒருதரம், நாலு பேர் கேட்க, யாராவது தன்னைக் கலைஞன் என்று சொல்ல வேண்டும். அதற்காக மூன்று மாதம் பாடுபட்டார். கடற்கரைக்குப் போய்ச் சூரியோதயம் எடுத்தார். சூரியன் சரியாக நடுவில், கடல் சரியாக மட்டத்தில், தோணி இரண்டு பக்கமும் இவ்விரண்டு. பார்த்தால் சூரியன் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த மாதிரி இருந்தது.

இந்த நிலையில்தான் மகள் றுஸ்னாவின் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை றிம்சான் நிந்தவூர். கட்டாரில் வேலை, மாரியில்தான் லீவு. தன் வீட்டுக் கலியாணத்தில் யார் யாரை எங்கே நிறுத்துவது என்று ஜவாத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வாப்பா, ஷிப்லிக்குச் சொல்லிட்டன். நீங்க அண்டைக்கு வாப்பாவா மட்டும் இரிங்க. கமராவத் தொடப்படாது. சத்தியம் பண்ணுங்க.”

“அவன் உன்ட காதுத்தோட்ட மட்டும் எடுத்துத் தருவான் மகள்.”

“பரவாயில்ல. நீங்க எடுத்தா நான் பாஸ்போட்டுக்குப் போற மாதிரி இரிப்பன்.”

ஜவாத் சத்தியம் செய்தார். செய்துவிட்டு, கலியாணத்தன்று கமராவை ஒரு வெறும் அரிசிச் சாக்குக்குள் வைத்துச் சமையல் கொட்டிலில் ஒளித்தும் வைத்தார். தொடத்தானே கூடாது, பக்கத்தில் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

காவின் எழுதி நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளையை வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் முற்றத்துப் பந்தலில் சாப்பிட அமர்ந்தார்கள். ஆறு பேருக்கு ஒரு சஹன், அதாவது ஆறு பேரும் சுற்றியிருந்து கையிட்டுச் சாப்பிடும் ஒரே பெரிய தட்டு. ஏழு சஹன் வைத்தார்கள். ஏழாறு நாற்பத்திரண்டு பேர் என்று ஜவாத்தின் வாய் தானாக எண்ணிக்கொண்டது. இந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவரையும் இன்னும் படம் எடுக்கவில்லை என்பதைக் கண் கண்டுகொண்டது. சம்மந்தி சரீப் ஹாஜியார் பெரிய உடம்புக்காரர். படம் எடுப்பார்கள் என்று நம்பித் தொப்பியை இரண்டு தரம் சரிசெய்தார். ஷிப்லியோ பந்தல் வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளுக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தான்.

“தம்பி, ஆக்கள எடுங்களன்” என்று ஜவாத் கெஞ்சினார்.

“வந்த பாதைய எடுக்கன் காக்கா” என்றான் ஷிப்லி, தலை நிமிராமல்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. காற்றோடு மழையும் வந்தது. பந்தல் ஒரு பக்கம் கயிறறுந்து மேலே எழும்பியது. ஹாஜியார் எழுந்து நின்று, “சஹனத் தூக்குங்க!” என்று கட்டளையிட்டார். தூக்கினார்கள். ஒரு சஹனை ஆறு பேர் பிடித்தால் அது எந்தப் பக்கம் போகும்? இரண்டு பேர் வீட்டுக்கு இழுத்தார்கள், இரண்டு பேர் கொட்டிலுக்கு இழுத்தார்கள், மற்ற இரண்டு பேரும் விடாமல் சாப்பிட்டார்கள். ஒரு சஹன் முற்றத்தையே இரண்டு சுற்றுச் சுற்றியது. இன்னொன்று கேற்றைத் தாண்டப் பார்த்தது. ஹாஜியார் தன் சஹனைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தார். மழை அவர் மேல் விழவில்லை, புரியாணி விழுந்தது.

மழைக்குச் சமையல் கொட்டிலில் ஒதுங்கி நின்ற ஜவாத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே அவருடைய கை சாக்குக்குள் போனது. சத்தியம் நினைவுக்கு வரவில்லை, நாற்பத்திரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் வந்தது. கமராவைக் கண்ணில் வைத்தார். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. கடைசிச் சஹன் வலது பக்கம் வெளியே நின்றது. ஒரு எட்டுப் பின்னால் போனார். முப்பத்தாறு. இன்னும் ஒரு எட்டு. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. பட்டனை அமத்தினார். அந்த இரண்டாவது எட்டு வைத்த இடத்தில் நிலம் இல்லை, வீட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கான்தான் இருந்தது.

இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் சொன்ன முதல் வார்த்தை, “நனையல்ல!”

பிறகு படத்தைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றது. உலகம் முழுக்க இடது பக்கம் சரிந்து கிடந்தது. ஆட்கள் அசைந்திருந்தார்கள், மழை கோடு கோடாக இழுபட்டிருந்தது, பந்தல் பறந்தது. லெவல் கட்டையை வைத்திருந்தால் குமிழி நிந்தவூருக்குப் போயிருக்கும். முப்பது வருடத்தில் இப்படி ஒரு கேவலம் அவர் கையால் வந்ததில்லை. அழிக்கப் போனார். அதற்குள் மகள் கமராவைப் பறித்துவிட்டாள்.

“சத்தியம் பண்ணின வாப்பா! இரிங்க, இத நான் வெச்சிக்கிறன்.”

“யாருக்கும் காட்டிப்போடாத மகள். கடைக்கு மானம் போயிரும்.”

மானத்தோடு இன்னொரு குடைச்சலும் அவருக்கு இருந்தது. சஹனோ ஏழு. ஆட்கள் நாற்பத்திரண்டு. அவர் எண்ணியதோ நாற்பத்து மூன்று. அழையாத யாரோ ஒருவர் வந்து சாப்பிட்டிருக்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் ஷிப்லியின் அல்பம் வந்தது. செருப்பு நாற்பது படம், மருதாணிக் கை ஒன்பது, மழைத் துளி இருபத்தாறு, ஹாஜியாரின் தாடி ஒன்று. ஹாஜியார் கோபத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்ட றுஸ்னா, வாப்பாவின் படத்தை இரண்டு அடி அகலத்துக்கு அடித்து, ஒன்றை மாமனாருக்குக் கொடுத்தாள். மற்றதை ஸ்டூடியோச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். ஹாஜியார் தன்னைக் கண்டு சமாதானமாகிவிட்டார். ஜவாத்தோ சுவரின் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

பாண்டிருப்பு சசிகரன் சித்திர ஆசிரியர். வருடாவருடம் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து ஒரு புகைப்படக் கண்காட்சி வைப்பார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர், தோளில் லெவல் கட்டையோடு அப்படியே எழுந்து சுவருக்குப் போய்விட்டார்.

“காக்கா, இது... என்ன படம் காக்கா இது! இந்தச் சரிவப் பாருங்க. எல்லாம் அந்தரத்துல நிக்குது. கீழ இந்த மூலையில ஒரு சொட்டுச் சிவப்பு இருக்கு பாருங்க, அது இல்லையெண்டா படமே விழுந்திரும். ஒரு கலைஞனாலதான் இப்பிடி எடுக்க ஏலும். ஆர் எடுத்தது?”

அந்த வார்த்தை வந்துவிட்டது. மூன்று மாதம் கடற்கரையில் நின்று வராத வார்த்தை. ஜவாத் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேரே, ஜன்னலுக்கு வெளியே, போர்டின் பின்பக்கம் தெரிந்தது. அசையாத படம். இவர் போய்ச் சொன்னால், ஜவாத்தின் கை நடுங்குகிறது என்று பொத்துவில் வரைக்கும் பரவும்.

“அது... ஷிப்லிட வேல சேர்” என்றார். படத்தையும் கழற்றிச் சுருட்டிக் கொடுத்தார், சனியன் தொலையட்டும் என்று.

சசிகரன் ஷிப்லியிடம் போனார். ஷிப்லியும் பொய்க்காரன் அல்ல. படத்தைக் கண்டு, “அண்டைக்கு ரெண்டாயிரம் எடுத்த சேர், எல்லாம் ஞாபகமில்ல. எண்டாலும் இது என்ட கைதான், பாத்தாத் தெரியிதே” என்று நம்பியே சொன்னான். ‘சாய்ந்த உலகம்’ என்று பெயரும் வைத்தான். முதல் பரிசும் கிடைத்தது.

பரிசளிப்பு விழாவுக்குப் போகமாட்டேன் என்று சொன்ன ஜவாத், மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தார். பக்கத்தில் நிஹாறாவும் றுஸ்னாவும். மேடையில் படம். சசிகரன் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தின் தாற்பரியத்தைக் கலைஞர் ஷிப்லி விளக்குவார் என்றார். ஷிப்லி தொண்டையைச் செருமினான்.

“சமூகம் ஒரு பக்கம் சாஞ்சி போய்த்தான் இரிக்கு. அதக் காட்டத்தான் நான் கமராவ வேணுமெண்டே சாய்ச்ச...”

“சாய்க்கல்ல! விழுந்த!”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்றது ஜவாத். தான் எழும்பியது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இனி உட்கார முடியாது.

“அது நான் எடுத்த படம் சேர். கானுக்குள்ள விழக்குள்ள எடுத்த.”

முதலில் சிரித்தவன் ஷிப்லி. “காக்கா, நீங்க எடுத்தா நேரா இரிக்குமே!” மண்டபமும் சிரித்தது. அது பாராட்டா, இல்லையா என்று ஜவாத்துக்கு விளங்கவில்லை. நிஹாறா எழுந்து, “சேட்டக் கழுவின நான். சேறு இன்னும் போகல்ல!” என்று சாட்சி சொன்னார். மகளும் எழுந்து ஓமென்றாள். வீட்டுச் சாட்சிதானே என்று அதற்கும் சிரித்தார்கள். முப்பது வருடம் மட்டமாக எடுத்த பாவத்துக்கு, ஒரே ஒரு கோணல் படம் தன்னுடையது என்று நிரூபிக்க முடியாமல் மனுசன் நின்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“சேர், எண்ணுங்க” என்றார்.

“என்னத்த?”

“தலைய. ஒராள்ட தலையும் வெட்டுப்படாம நாப்பத்து மூணு பேர் இரிக்கணும். ஷிப்லி எடுத்த ஒரு படத்துல நாலு முழுத் தல காட்டட்டும், நான் இரிந்திர்றன்.”

சசிகரன் பென்சிலை எடுத்தார். மண்டபமே சேர்ந்து எண்ணியது. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. பறக்கும் பந்தலுக்குள் ஒருவர், ஹாஜியாரின் கைமூட்டுக்குக் கீழே ஒருவர், கேற்றுக்கு வெளியே தப்பப் பார்த்தவர் ஒருவர். ஒரு தலையும் குறையவில்லை. நாற்பத்திரண்டில் பென்சில் நின்றது.

“நாப்பத்திரெண்டுதான் காக்கா.”

“இன்னொராள் இரிக்கணும் சேர். நான் எண்ணாம அமத்தமாட்டன்.”

சசிகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழ் மூலைக்குக் குனிந்தார். படமே விழாமல் தாங்கி நிற்கிறது என்று அவர் சொன்ன அந்தச் சொட்டுச் சிவப்பு அங்கே இருந்தது. இவ்வளவு நாளும் அதை அவர் ஒரு பிளாஸ்டிக் வாளி என்றுதான் நினைத்திருந்தார். வாளியில் பொக்கட் இருந்தது. ஒன்றல்ல, பல பொக்கட். வாளிக்கு இரண்டு காலும் இருந்தன. மழையில் குப்புறப் படுத்து, நாற்பத்திரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சோடிச் செருப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

“ஷிப்லி, இஞ்ச வாங்க தம்பி” என்றார் சசிகரன் மெதுவாக.

ஷிப்லி குனிந்து பார்த்தான். தன் ஜக்கட்டைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

“யா அல்லாஹ். இது நானெல்லவா!”

மண்டபம் கூரை பிரியச் சிரித்தது. ஷிப்லிக்கு முகம் ஜக்கட்டை விடச் சிவந்தது. ஆனால் நல்ல பிள்ளை. கேடயத்தைச் சசிகரனின் கையிலிருந்து தானே வாங்கி, மேடையிலிருந்து இறங்கிவந்து ஜவாத்தின் கையில் கொடுத்தான்.

“மன்னிச்சிக்கங்க காக்கா. உங்கள டெக்னீசியன் எண்ட.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “உங்கட சோத்துல ஒரு புடி அண்டைக்கு நான் தின்னல்ல. எண்டாலும் என்னயும் விடல்லயே நீங்க.”

ஜவாத் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு சிறு கையையும் பாதிச் சேட்டையும் நினைத்தார். ஷிப்லியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சசிகரன் ஒலிவாங்கியில், “கலைஞர் ஜவாத் அவர்கள் படத்தின் தாற்பரியத்தைச் சொல்லுவார்” என்று அறிவித்தார். ஒருதரம் அல்ல, இரண்டு தரம். நாலு பேர் அல்ல, இருநூறு பேர் கேட்டார்கள்.

“ஆள் விடப்படாதெண்டு பின்னுக்குப் போன சேர். கான் இரிந்திச்சி” என்றார் ஜவாத். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சசிகரன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அன்றைய நினைவாக, கேடயத்தோடு ஜவாத்தை ஷிப்லி ஒரு படம் எடுத்தான். பெரிதாக அடித்துக் கொண்டுவந்து பிரேமும் போட்டுக் கொடுத்தான். இப்போது ஸ்டூடியோவில் நுழைந்ததும் அதுதான் தெரியும். கேடயம் பளபளக்கிறது, அதைப் பிடித்த விரல்களில் நரம்புகூடத் தெரிகிறது, வெள்ளைச் சேட்டின் இரண்டாவது பொத்தான் வரை அழகாக வந்திருக்கிறது. அதற்கு மேல் படம் முடிந்துவிட்டது. தலை இல்லை.

ஜவாத் அதைக் கழற்றவில்லை. கலை என்றால் மரியாதை கொடுக்க வேண்டும் அல்லவா? பிரேமுக்கு மேலே, தலை வரவேண்டிய இடத்தில், தன்னுடைய பாஸ்போட் படம் ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறார். இரண்டு காதும் தெரிகிறது. ஒட்டுவதற்கு முன் லெவல் கட்டையை வைத்து மட்டமும் பார்த்தார்.